முழங்காலுக்குப் பின்னால்

மார்ச் 4, இரவு

அன்புள்ள தராசு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவைத் தொட்டாலே எங்கள் மேனேஜருக்கு மூக்கில் வேர்த்துவிடுகிறது. மேனேஜர் என்றால் என் மகள். ஏழு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் யார் எப்போது சாப்பிடலாம், யார் எப்போது கண்ணை மூடலாம் என்பதெல்லாம் அவள் உத்தரவுப்படிதான். வாஷிங் மெஷின் மூடிமேல் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, உள்ளே துணி சுற்றுகிறது.

உன் பார்சல் வந்தது. நாம் சென்ட் கலக்கிய அறையை விட்டு நான் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து இல்லை, ஒரு வசவுகூட இல்லை. இப்போது திடீரென்று பஞ்சில் சுற்றிய ஒரு குப்பி, கூடவே நாலு வரி. தேநீர் வாசனையை முடித்துவிட்டாய், மாதக் கடைசியில் பெரிய கடையில் காட்டப் போகிறாய், இது எப்படிப்பட்ட பெண்ணுக்கான சென்ட் என்று அவர்கள் அரைப் பக்கம் கேட்கிறார்கள், எழுதியதைத் திருத்தித் தர வேண்டும். அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒரு சொட்டு மை மிச்சமில்லையா உனக்கு?

கடைசி நாள் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பிள்ளை பெத்துக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இந்த மூக்கு ஒண்ணுதான் இருக்கு." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் இவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதர், ஏறும் இறங்கும் என்பதைத் தவிர வேறு எதிலும் உள்ளர்த்தம் பார்க்கமாட்டார்.

குப்பியை நான் உடனே திறக்கவில்லை. பயம். இவள் வயிற்றில் இருந்தபோது சோப்பு வாசனைக்கே வாந்தி எடுத்தவள் நான். பிறந்த பிறகு வாந்தி நின்றது, கூடவே வாசனையும் நின்றுவிட்டது. பால் பொங்கி வழிவது கண்ணில் பட்டால்தான் தெரியும் என்கிற நிலைமை. காலேஜில் நீ எனக்கு வைத்த பட்டப்பெயர் 'மூக்கு', எதையும் எடைபோடும் உனக்கு நான் வைத்தது 'தராசு'. அந்த மூக்கு முகத்தில் சும்மா அழகுக்கு உட்கார்ந்திருந்தது. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் திறந்தேன். எனக்கு வாசம் தெரிகிறது டி. தெளிவாகத் தெரிகிறது. நம்ப முடியாமல் வீடு முழுக்க ஓடி ஓடி முகர்ந்து பார்த்தேன். அலமாரிக் கதவு, குடைத்துணி, இவருடைய ஷூ (அதை விட்டிருக்கலாம்), மேனேஜரின் காது மடலுக்குப் பின்னால். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். இல்லை, ஒன்று பிழைத்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையில் நாமே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டே. வாசனையைப் பற்றி வாயால் பேசக் கூடாது. தனித்தனியாகத் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருத்தி சொன்ன சொல் காதில் விழுந்துவிட்டால் மற்றவள் மூக்கு அதையே தேடிப் போகும். அந்தச் சட்டத்தை நான் இன்னும் மீறவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்பது இரண்டாவது காரணம். அதை அடித்துவிட்டேன், படிக்காதே.

இதோ என் துண்டுக் காகிதம், பழைய முறைப்படி.

முதலில்: எலுமிச்சைப் பூ. காலையில் பறித்ததல்ல, தானாக உதிர்ந்தது. அதற்கடியில், பால் விடாத இளந்தேநீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றும்போது எழும் முதல் ஆவி.

அப்புறம்: ஒன்றுமில்லை. மணிக்கட்டில் போட்டுக்கொண்டு துணி மடித்து முடிப்பதற்குள் ஓடிவிட்டது. போன வருஷமும் இந்த இடத்தில்தான் நாம் முட்டி நின்றோம்.

இனி நீ எழுதியதைப் பற்றி. "மென்மையானவள். அதிகம் பேசமாட்டாள். வெள்ளை உடைகளை விரும்புவாள். யாருக்கும் தொந்தரவு தரமாட்டாள். மாலையில் ஜன்னலோரம் அமர்ந்து தேநீர் அருந்துவாள்." இது பெண்ணா, ஜன்னல் திரையா?

ஒரு சந்தேகம். மணிக்கட்டில் இருந்ததைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மேனேஜர் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறாள், என் மூக்கையும் சேர்த்து. இது பிள்ளைக்கு ஆகுமா? பதில் வரும்வரை குப்பி பீரோவுக்குள் இருக்கும், பூட்டோடு.

மூக்கு


மார்ச் 8

மூக்குக்கு,

உன் கடிதம் நீளம். என் தராசு தாங்கவில்லை.

ஆகாது. தோலுக்குத்தான், நாக்குக்கு இல்லை. பிள்ளை வாய் வைக்காத இடம் உன் உடம்பில் ஏதாவது இருந்தால் அங்கே போட்டுக்கொள். தூக்கிவைத்திருக்கும்போது மூச்சுக்கு நேராக வேண்டாம். படுக்குமுன் துடைத்துவிடு.

மூக்கு திரும்பியதில் சந்தோஷம். எழுதும்போது இரண்டு முறை இந்த வரியைத் திருத்தினேன். இதற்குமேல் எனக்கு வராது.

இப்போது விஷயம். கடையில் கொள்முதல் பார்க்கும் அம்மாவை நீ சந்தித்ததில்லை. கண்ணாடிச் சுவர் போட்ட அறை, மேஜைமேல் ஒரு காகிதம்கூட இருக்காது. போன தடவை மூன்று குப்பிகள் கொண்டுபோனேன். காகிதக் கீற்றில் தொட்டு ஒவ்வொன்றாக முகர்ந்தார். "உங்க சரக்கெல்லாம் ரொம்பக் கூச்சப்படுது. வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேங்குது" என்றார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். கடைசி வாய்ப்பு என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். தரை துடைக்கும் திரவம் செய்கிற ஃபாக்டரியில் எனக்கு வேலை தயாராக இருக்கிறது. எலுமிச்சை வாசனை, பைன் வாசனை, மறுபடி எலுமிச்சை வாசனை. முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இருபத்தெட்டாம் தேதி அந்த அம்மா மாட்டேன் என்றால் நான் அங்கே போகிறேன், அறையைச் சாத்துகிறேன்.

அதனால் மஸ்க் சேர்க்கப் போகிறேன், கஸ்தூரி மணம். நாலு சொட்டு. வாசனை நிற்கும். கடைத்தெருவில் மற்ற எல்லாம் மணக்கிற மாதிரி மணக்கும். தெரிந்துதான் செய்கிறேன்.

திரை என்று கேலி செய்தாயே. அது நீ. உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் நடக்க நடக்க மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் யார்? மென்மை என்றுதான் எனக்கு எழுத வந்தது. வேறு வார்த்தை இருந்தால் நீயே போடு.

உன் ஸ்டூலில் காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறேன். இடம் இல்லை.

தராசு


மார்ச் 12, எல்லோரும் தூங்கிய பிறகு

அடி தராசு,

நான் மென்மையானவளா? முந்தாநாள் மேனேஜர் ஒரே ஒரு தும்மல் போட்டாள் என்று குழந்தை டாக்டருக்கு மூன்று முறை போன் செய்தவள் நான். மூன்றாவது முறை அவரே கேட்டார்: "அம்மா, இப்ப தும்மினது குழந்தையா, நீங்களா?" அந்த கிளாசில் நான் பேசாமல் இருந்தது மென்மையால் இல்லை, பாடம் புரியவில்லை என்ற பயத்தால். உனக்கு என்னைக் கடைசி பெஞ்சில் பார்த்த ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேப்பில் அமிலத்தைத் தப்பான பாட்டிலில் ஊற்றப்போன உன் கையைத் தட்டிவிட்டது யார் என்பது ஞாபகம் இல்லை. போகட்டும்.

திட்டுவதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. கை பரபரக்கிறது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நிதானமாகச் சொல்கிறேன்.

பிள்ளை வாய் வைக்காத இடம் என்றாயே, தேடிப் பார்த்தேன். கழுத்து, தோள், முழங்கை, விரல், கன்னம் எல்லாம் மேனேஜரின் எல்லைக்குள் வருகிறது. கடைசியில் ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. முழங்காலுக்குப் பின்னால், அந்த மடிப்பில். அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டேன். இடுப்பில் அவளைத் தூக்கிவைத்தால் அவள் மூக்கு எங்கே, என் முழங்கால் எங்கே.

சாயங்காலம் அவளை நடத்தித்தான் சமாதானப்படுத்த முடியும். நடப்பது நான், சமாதானம் ஆவது அவள். எங்கள் மாடித் தாழ்வாரம் நீளமானது, லிஃப்டிலிருந்து குப்பைக் கூடைவரை. போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, இதுவும் ஓடிவிட்டது என்றே நினைத்தேன். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே இருப்பது ஒரு பல் டாக்டர் அம்மா. கிராம்பு எண்ணெயிலேயே ஊறிய மூக்கு, இத்தனை நாளில் என்னிடம் ஒரு வணக்கம் சொன்னதில்லை. தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: "யாரும்மா அது, இந்நேரத்துக்கு டீ போடறது? எனக்கும் ஒரு கப் கிடைக்குமா?"

தேநீர் என்று கேட்டார் தராசு. பூ என்று கேட்கவில்லை.

மறுநாளும் நடந்தேன். இந்த முறை இவரைத் தாழ்வாரத்தின் நடுவில் நிற்கவைத்தேன். "கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. ஏதாவது வாசனை வந்தா சொல்லுங்க." ஒரு மனிதனைக் கண்ணை மூடித் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்பார்கள். இவர் நின்றார். நான் அவரை ஒட்டியே கடந்துபோனேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. குப்பைக் கூடை வரை போய் மூலையில் திரும்பி மறைந்தே விட்டேன். அப்போதுதான் குரல் வந்தது: "இப்ப வருது. பூ மாதிரி, இல்ல, டீ மாதிரி. நீ எங்க இருக்க?"

புரிகிறதா உனக்கு? நாம் அதைக் காகிதத்தில் தொட்டோம், மணிக்கட்டில் தொட்டோம். மின்விசிறியை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு வருஷம் முகர்ந்தோம். ஒரு நாளாவது அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரில் ஒருத்தி எழுந்து நடந்தாளா? அது ஓடிப்போகவில்லை டி, பின்னால்தான் வருகிறது. கால் சூட்டில் பூ முதலில் போய்விடுகிறது, நடக்க நடக்கத் தேநீர் மட்டும் மெதுவாக மேலே ஏறி, நாம் தாண்டிய இடத்தில் நிற்கிறது.

மஸ்க் சேர்க்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். நாலு சொட்டு மஸ்க் போட்டால் இந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். இவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மூக்கு


மார்ச் 16

மூக்குக்கு,

உன் கடிதம் வருவதற்குள் மஸ்க் சேர்த்துவிட்டேன். பதறாதே. பாதியில்தான். மற்ற பாதி பழையபடி இருக்கிறது.

நீ சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு புருஷன். இருவருமே உனக்கு வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். அதனால் நானே சோதித்தேன். மஸ்க் இல்லாததை முழங்காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கீழே இறங்கி, சைக்கிள் கடைக்கு முன்னால் மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, "என்னக்கா, போறீங்க வர்றீங்க. வண்டி ஏதும் வாங்கப் போறீங்களா, இல்ல கடையையே வாங்கப் போறீங்களா?" என்றார். வாசனை ஏதாவது தெரிகிறதா என்றேன். "பசை வாசனை நல்லா வருது" என்றார்.

ஆகவே முடிவு: ஒன்றுக்கு ஒன்று. தீர்மானம் இல்லை.

மஸ்க் சேர்த்தது நன்றாக இருக்கிறது. அதுதான் தொந்தரவு. கொடுத்தால் அந்த அம்மா வாங்கிவிடுவார். அறை மூடவேண்டியதில்லை. நேற்று அதை முகர்ந்துவிட்டுத் துண்டுக் காகிதம் எழுத உட்கார்ந்தேன். 'முதலில்' என்பதற்கு எதிரே 'மஸ்க்' என்று எழுதினேன். 'அப்புறம்' என்பதற்கு எதிரே 'மஸ்க்' என்று எழுதினேன். மடித்து வைத்தேன். மாற்றிக்கொள்ள எதிரே ஆள் இல்லை.

இரண்டையும் கொண்டுபோகிறேன். எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்யவில்லை. அரைப் பக்கத்தை நீ எழுது. நடக்கிற பெண் என்கிறாயே, அவள் யார் என்று எனக்கும் தெரியட்டும். இருபத்தைந்துக்குள் வந்தாக வேண்டும்.

அமிலம் ஞாபகம் இருக்கிறது. கையில் தழும்பு இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

தராசு


மார்ச் 20, ரொம்ப நேரம் ஆகிவிட்டது

தராசு,

காலையில் இவர் வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிடுவார், அதனால் இப்போதே முடித்தாக வேண்டும். மேனேஜர் தொட்டிலிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து என்னைக் கண்காணிக்கிறாள்.

முதலில் ஒரு முழுக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் மஸ்க் போட்டதையே கொடுத்துவிடு என்று எழுதியிருந்தேன். என் முழங்காலை நம்பி உன் அறை மூடிப்போனால் நான் என்ன செய்வேன்? நீ எலுமிச்சை வாசனையில் தரை துடைக்கும் திரவம் செய்துகொண்டிருப்பாய், நான் இங்கே தரையைத் துடைக்கும்போதெல்லாம் உன்னை முகர வேண்டியிருக்கும். இரவெல்லாம் அதே நினைப்பு. பிறகு எழுந்துபோய், குப்பியில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு அடுப்படிவரை நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது வாசல் நிலையருகில் ஒருத்தி நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. நான்தான் அது, சற்று முன்னால் போனவள். பயம் போகவில்லை, ஆனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

எதைக் காட்டுவது என்பது உன் இஷ்டம், அறையில் தினமும் உட்காருகிறவள் நீ. என்னிடம் இருப்பது இந்த அரைப் பக்கம்தான்.

"அவள் அறைக்குள் வரும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பையைக் கீழே வைப்பாள், சொல்ல வந்ததைச் சொல்வாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி மனம் வீட்டிலேயே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து விஷயத்துக்குப் பயப்படுவாள், பயந்துகொண்டே பத்தையும் செய்துவிடுவாள். அவளைப் பூ என்று நினைத்தவர்கள் சற்று நேரம் கழித்து நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கசப்பை உணர்வார்கள். அதுதான் அவளை மறுபடி பார்க்கத் தூண்டும். ஆனால் அதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். அவள் போன பிறகுதான் யாரோ ஒருவர் வேலையை நிறுத்தி, தலையைத் தூக்கி, இங்கே யார் இருந்தது என்று கேட்பார்."

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கண்ணாடி அறையில் நீ உட்கார்ந்தே இருக்காதே. எதையாவது சாக்கு வைத்து எழுந்து நட.

மூக்கு


மார்ச் 29

அன்புள்ள மூக்கு,

இது நீளமான கடிதம். எடை பார்க்கவில்லை.

நேற்று போனேன். கிளம்பும்போது மஸ்க் இல்லாததை முழங்காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். உன்மேல் நம்பிக்கையால் இல்லை. அளவுக்குழாயில் இரண்டு சொட்டு மிச்சம் இருந்தது, கொட்ட மனம் வரவில்லை.

இரண்டு குப்பிகளையும் மேஜைமேல் வைத்தேன். அந்த அம்மா முதலில் மஸ்க் இல்லாத நம்முடையதை எடுத்தார். காகிதக் கீற்றில் தொட்டார், ஆட்டினார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். "என்னங்க இது, தண்ணி மாதிரி இருக்கு" என்றார். பிறகு நீ எழுதியதை எடுத்து, பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். கடைசி வரியில் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. சளி. "எழுத்து நல்லா இருக்கு. ஆனா எழுத்தை பாட்டில்ல அடைச்சு விக்க முடியாதே" என்றார். அடுத்து மஸ்க் சேர்த்ததை முகர்ந்தார். முகம் மாறியது. "இது விக்கும். இதுக்கு ஆர்டர் பேப்பர் அனுப்பறேன்."

ஆக, வேலை முடிந்தது. அறை பிழைத்தது. நன்றி சொன்னேன், எழுந்தேன். நான் நடந்தது நீ சொன்னதற்காக இல்லை, வெளியே போக வேறு வழி கிடையாது. மேஜையைச் சுற்றி, அலமாரிகளை ஒட்டி, நீளமான அறை. லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். லிஃப்ட் வரவில்லை. உன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேஜைப் பெண் ஓடி வந்தாள். "மேடம் உங்களைக் கூப்பிடறாங்க." குடையை மறந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பிப் போனேன்.

அந்த அம்மா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு குப்பிகள், இரண்டும் இறுக மூடியிருந்தன. "ரூமுக்குள்ள என்ன வாசனை இது? நீங்க போன பிறகு வருது. எதையாவது கொட்டிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"பின்ன நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"நீங்க தண்ணின்னு சொன்னீங்களே, அதான்."

நம்பவில்லை. என்னை மறுபடி நடக்கச் சொன்னார். மூக்கு, என்னைத் தெரியுமே உனக்கு. கல்யாண வீட்டில் மேடை ஏறச் சொன்னால் பின்வாசல் வழியாக ஓடுகிறவள். அங்கே வேலை செய்கிற ஐந்து பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, பழைய செருப்போடு அந்த அறையில் கோடியிலிருந்து கோடிவரை நடந்தேன். கதவு வரை போய் வெளியே நின்றேன். உள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது: "யாரோ டீ கொண்டுவந்த மாதிரி இருக்கு மேடம்."

அந்த அம்மா உன் காகிதத்தை எடுத்து இரண்டாம் முறை படித்தார், இந்த முறை சத்தமில்லாமல். "இதை எழுதினது யாரு?"

"என் பார்ட்னர்."

"கூட வரலையா?"

"கைக்குழந்தை. மேனேஜர் விடலை." அவருக்குப் புரியவில்லை, நான் விளக்கவில்லை.

மஸ்க் சேர்த்த குப்பியை என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வெச்சுக்குங்க. இது எங்கிட்ட நிறைய இருக்கு." மஸ்க் இல்லாததைத் தன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். கோடையில் எல்லாக் கிளைகளிலும் வைக்கிறார்கள். எங்கே போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெட்டிமேல் அச்சடிக்க வேண்டுமாம், உன் அரைப் பக்கத்தோடு. இதே போல இன்னும் இரண்டு வாசனைகள் வருஷ முடிவுக்குள் வேண்டும் என்றார். "அந்த மூக்கோட பண்ணுங்க" என்றார். உன் பட்டப்பெயரை நான் சொல்லவே இல்லை.

ஃபாக்டரிக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இன்னும் பசை வாசனைதான் வருகிறதாம்.

உன் ஸ்டூலில் இருந்த டப்பாக்களை இறக்கிவிட்டேன். ஒரு கால் ஆடியது, அட்டையை மடித்துக் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். நீ அங்கிருந்தே முகர்ந்து எழுதினாலும் சரி, இங்கே வந்து உட்கார்ந்தாலும் சரி. வாரம் ஒரு பார்சல் அனுப்ப முடியும். எப்படி இருக்கிறாய்? குழந்தை எப்படி இருக்கிறாள்? இதைப் போன தடவைகளில் கேட்கவில்லை.

வாசனைக்குப் பெயர் கேட்கிறார்கள். எனக்கு எண்தான் வரும்.

தராசு


ஏப்ரல் 2, இரவு

என் தராசு,

உன் கடிதத்தை இவருக்கு ஒரு முறை படித்துக் காட்டினேன், பல் டாக்டருக்கு ஒரு முறை, மேனேஜருக்கு இரண்டு முறை. லிஃப்ட் வராத இடத்தில் இவர் முகம் சுண்டிப்போனது, "எந்த பில்டிங்னு கேளு" என்கிறார். பல் டாக்டர், "அன்னிக்கு நான் கேட்ட டீ இன்னும் வரலை" என்றார். உண்மையாகவே ஒரு கப் போட்டுக் கொடுத்தேன். பேசிக்கொண்டே இருந்தோம். இப்போது மேனேஜரின் முதல் பல்லுக்கு அவர்தான் பொறுப்பாம்.

ஆம், ஆம், ஆம். வாரம் ஒரு பார்சல் அனுப்பு. மாதக் கடைசியில் நான் அங்கே வருகிறேன், இவளையும் தூக்கிக்கொண்டு. ஸ்டூலின் ஆடும் காலை நன்றாகப் பார், இரண்டு பேர் உட்காரப் போகிறோம். தரை வழுக்குமா, எதுவும் சிந்தியிருக்குமா, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே குழந்தைத் தலை நுழையுமா, அளந்து சொல். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயே, இப்படித்தான் இருக்கிறேன்.

பெயர் கேட்டாய். துண்டுக் காகிதத்தில் நாம் இரண்டாவதாகப் போடும் வார்த்தையையே வைத்துவிடு. 'அப்புறம்'. ஒரு வருஷமாக அந்த வார்த்தைக்கு எதிரே நாம் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம். இனி அங்கே எழுத ஏதோ இருக்கிறது. கடைக்காரப் பெண், "எது வேணும்?" என்று கேட்பாள், வந்தவள் "அப்புறம்" என்பாள். கொஞ்சம் குழம்பத்தான் செய்வார்கள். குழம்பட்டும்.

இப்போது தலைபோகிற விஷயம். இன்று சாயங்காலம் மேனேஜரைப் பாயில் விட்டுவிட்டு, கொடியில் துணி எடுக்க அந்தப் பக்கம் போனேன். வழக்கம்போல முழங்காலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். துணியை எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பினால், பாய் காலி. நேற்றுவரை குப்புற விழுந்து அந்த இடத்திலேயே நீச்சலடித்துக்கொண்டிருந்தவள், அறையைக் குறுக்கே கடந்து வந்திருக்கிறாள் டி. தவழ்ந்து வந்திருக்கிறாள். நேராக வரவில்லை, நான் போன வழியிலேயே, நாற்காலியைச் சுற்றி, கதவோரம் ஒதுங்கி, வளைந்து வளைந்து வந்திருக்கிறாள். வந்து, என் காலைப் பிடித்து எழும்பி, முழங்கால் மடிப்பில் மூக்கை வைத்து ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். மூக்கு அவளுக்கும் வந்திருக்கிறது.

அடுத்து நாக்கை நீட்டினாள். துணியையெல்லாம் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிவிட்டேன்.

ஆக, என் உடம்பில் மிச்சமிருந்த ஒரே இடமும் போய்விட்டது. இனி நான் எதில் போட்டு முகர்வது, எதை நம்பி உனக்கு எழுதுவது? அடுத்த பார்சல் வருவதற்கு முன்னால் இதற்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். யோசித்து, சீக்கிரம் பதில் போடு.

மூக்கு